முன்னத்தி ஏர் யாருடையது? ரெண்டு கிலோ மிளகாயோடு கமுதியிலிருந்து ராமேஸ்வரம்

ராமேஸ்வரத்துக்குப் பாவம் தொலைக்கப் போவார்கள், இல்லையென்றால் கடல் பார்க்கப் போவார்கள். நான் போனது ரெண்டு கிலோ மிளகாய் வத்தலைக் காட்டிவிட்டு வர. போன பங்குனியில், ஒரு சனிக்கிழமை. வழியில் தேவிபட்டினத்தில் முங்கி எழுந்ததும், உச்சிப்புளி டீக்கடை வாசலில் உலக வியாபாரத்தைப் பற்றிச் சண்டை போட்டதும் கணக்கில் வராத லாபம். இந்தப் பக்கம் ஒருநாள் பயணம் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று பஸ் நேரம், டிக்கெட் காசு எல்லாம் சேர்த்தே சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் அடித்து இந்தப் பக்கத்தில் ஏற்றுகிறாள். குற்றாலம் போய்வந்த கதையைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

முதலில், ஏன் போனேன் என்பது. கமுதிக்கு மேற்கே எங்கள் ஊர். மானாவாரி பூமி. மழை மனசு வைத்தால் மிளகாய், பருத்தி, வைக்காவிட்டால் கருவேலம். எங்கள் மிளகாய் நீளமாக இருக்காது, கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும். வியாபாரத்தில் குண்டு வத்தல் என்பார்கள். ஊரில் நாற்பது குடும்பம் சேர்ந்து விவசாயிகள் குழு ஒன்று வைத்திருக்கிறோம். ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புகிற தூத்துக்குடிக் கம்பெனி ஒன்று எங்கள் வத்தலை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தது. சும்மா வரவில்லை, நிபந்தனையோடு வந்தது. தார்ப்பாய் விரித்துத்தான் காயப்போட வேண்டும். இன்னின்ன மருந்து அடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, காய்ந்த வத்தலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கக் கூடாது.

இந்தத் தண்ணீர் விஷயம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. காய்ந்த வத்தலைச் சாக்கில் போட்டு மிதித்து அமுக்கும்போது நொறுங்கும். நொறுங்காமல் இருக்க, மிதிப்பதற்கு முன்னால் கையால் தண்ணீர் தெளித்துப் பதமாக்குவது எங்கள் சீமையில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வேலை. வத்தலும் மினுமினுப்பாக இருக்கும். அந்த ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை பிடித்து விஷம் ஊறுகிறது என்பது ஐரோப்பாக்காரர்கள் கட்சி.

குழுக் கூட்டத்தில் செயலாளர் நாகராசன் எழுந்து பேசினார். "அமெரிக்காக்காரன் இன்னைக்கு ஒரு வரி, நாளைக்கு ஒரு வரிங்கிறான். சீனாக்காரன் அவன் சரக்க விக்கிறதுலயே குறியா இருக்கான். ஐரோப்பாவுல இருபத்தேழு நாடு ஒண்ணாச் சேந்து ஒரே சந்தை, ஒரே சட்டம்னு வச்சிருக்காக. இனிமே உலக வியாபாரத்துக்கு அவுக கூட்டுத்தான் முன்னத்தி ஏரு. நாம பேசாம பின்னால போயிருவோம்."

வரிசையாகப் பல ஏர் கட்டி உழும்போது முதலில் போகிறது முன்னத்தி ஏர். அது கோணினால் பின்னால் வருகிற அத்தனையும் கோணும். நான் எழுந்தேன்.

"முன்னத்தி ஏரு எல்லாரு புஞ்சையையும் உழுகணும். அவன் புஞ்சைய மட்டும் உழுதுட்டு நம்மளக் கல்லுப் பொறுக்கச் சொன்னா அதுக்குப் பேரு முன்னத்தியா? நம்ம களத்துல தண்ணி தெளிக்கலாமா வேணாமான்னு சொல்ல அவுக ஆரு? நம்மளக் கேட்டா சட்டம் போட்டாக?"

பாதிப் பேர் கை தட்டினார்கள். நாகராசன் கெட்டிக்காரர். கோபப்படாமல் சிரித்தார். "அப்ப சாம்பிள நீங்களே கொண்டு போங்க பெரியய்யா. கம்பெனி அம்மா சனிக்கிழமை அவுக தாயாரோட ராமேஸ்வரம் வாராக. எதுத்துப் பேசுன ஆளே போயிட்டு வந்து சொன்னா ஊருல ஒருத்தரும் நொள்ளை சொல்ல மாட்டாக." இப்படிச் சிரித்துக்கொண்டே என் தலையில் கட்டினார்கள். கம்பெனி அம்மாவுக்குக் கைப்பார்வையில் பிடித்தால் சாம்பிள் ஆய்வுக்குப் போகும். ஆய்வில் தேறினால் அந்த வருஷத்து வத்தல் முழுவதும் அவர்களுக்கு, நல்ல விலைக்கு. தேறாவிட்டால் பழையபடி கமிஷன் மண்டிதான். அந்தக் கம்பெனி இனி எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

கமுதியிலிருந்து ராமநாதபுரத்துக்குக் காலை ஆறே காலுக்கு ஒரு பஸ். முதுகுளத்தூர் வழி, டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். ஏறினால் இடது பக்க ஜன்னல் பிடியுங்கள், வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும் கண்மாய்க் காற்று அங்கேதான் வரும் (இது என் நம்பிக்கை, மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை). பையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் ரெண்டு தும்மல் போட்டுவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார். ஜன்னலோரமும் இடமும் சேர்ந்து கிடைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

முதுகுளத்தூர் தாண்டும்போது ஒரு பழைய ஞாபகம். எனக்கு மீசை அரும்பிய காலத்தில் இந்தச் சாலையில் வத்தல் மூட்டை வண்டி வண்டியாகப் போகும். கொழும்புச் சந்தைக்கு. திடீரென்று ஒரு வருஷம், வெளியூர் மிளகாய் வேண்டாம் என்று இலங்கை கதவைச் சாத்திவிட்டது. அவர்கள் நாட்டு விவசாயி பிழைக்க வேண்டும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வருஷம் வத்தல் குதிர் நிறையக் கிடந்தது. மூன்று வேளையும் காரக் குழம்பு. சில வருஷம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். இங்கே சிரித்தோம், அங்கே மிளகாய் போட்ட யாழ்ப்பாணத்துக்காரர்கள் அழுதார்களாம். கதவு ஒருவர் கையில் இருந்தால் இதுதான் என்று அன்றைக்கே மனசில் விழுந்துவிட்டது. கூட்டத்தில் நான் எகிறியதற்கு வேர் இது.

எட்டே பத்துக்கு ராமநாதபுரம். அங்கிருந்து தேவிபட்டினம் பதினைந்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் பதினைந்து ரூபாய். அங்கே என் சிநேகிதன் சேகு இருக்கிறான். இளவட்டத்தில் ரெண்டு பேரும் ராமநாதபுரம் மண்டி ஒன்றில் மூட்டை தூக்கினோம். பிறகு அவன் துபாய் போய், முப்பது வருஷம் மளிகைக் கிட்டங்கியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான். வாசலில் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"ஏலே இருளாண்டி, இன்னும் சாகலையா நீ?"

"ஒன் வீட்டு இடியாப்பத்தத் தின்னுட்டுச் சாகலாம்னு வாரேன்."

அவன் மனைவி மைமூன் உள்ளேயிருந்து, "வாங்கண்ணே, மொதல்ல போயி குளிச்சுட்டு வாங்க. ஒங்க சிநேகிதரு காலைல இருந்து மூணு தடவ தெருவ எட்டிப் பாத்துட்டாக" என்றது. பையை அவர்கள் வீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனேன்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே ஒன்பது கல் நிற்கிறது, நவபாஷாணம். சிமெண்ட் பாலத்தில் நடந்து போய் இறங்கலாம். இடுப்பளவு தண்ணீர், அலை கிடையாது, வயசானவர்களுக்குப் பயமில்லை. சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள். சனி பகவானுக்கு வந்தவர்கள் விட்ட துணியும் எள்ளும் காலில் சுற்றும். நான் போனது சனிக்கிழமை. என் நேரம்.

திரும்பி வந்து இடியாப்பம், தேங்காய்ப்பால். சாப்பிடும்போது கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். சேகு ஐரோப்பா கட்சி. "நானும் வாரேன், அந்தம்மாட்ட நீ எடக்குமடக்காப் பேசிருவ" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பத்தே முக்காலுக்கு பஸ் ஏறி மறுபடி ராமநாதபுரம் வந்து, ராமேஸ்வரம் பஸ்ஸைப் பிடித்தோம். தேவிபட்டினத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு நேர் வழி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ராமநாதபுரம் வந்துதான் போக வேண்டும்.

பஸ்ஸில் சேகு பிரசங்கத்தை ஆரம்பித்தான். "மாப்ள, நான் கண்ணால பாத்தவன். ஐரோப்பாவுக்குப் போன கண்டெய்னரு, பூஞ்சை இருக்குன்னு திரும்பி வந்து எங்க கிட்டங்கில கெடக்கும். கேட்டா, 'எங்க புள்ளகுட்டி திங்கிறது'ம்பான். அதுல என்ன தப்பு? ஒன் பேரன் திங்கிற சோத்துல பூஞ்சை இருந்தா விடுவியா? எவன் கறாரா இருக்கானோ அவந்தான் தலைவனா இருக்கணும்."

எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. அப்போதுதான் அவன் குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வது மாதிரி சொன்னான்:

"நீ ஒண்ணும் கவலப்படாத. நீ குளிக்கப் போனப்ப பையத் தொறந்து பாத்தேன். வத்தல் வறவறன்னு கெடந்துச்சு. சரக்குக் காட்டப் போறப்ப அப்பிடிக் கெடந்தா நல்லா இருக்குமா? ரெண்டு கை தண்ணி தெளிச்சு, நல்லாப் பொரட்டி வச்சேன். மினுமினுன்னு இருக்கு. அந்தம்மா பாத்ததும் சொக்கிப் போயிரும்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவன் முகம் மெதுவாக மாறியது.

"யா அல்லாஹ்" என்றான்.

முப்பது வருஷம் துபாய்க் கிட்டங்கியில் இருந்தும் மண்டியில் பழகிய கை மாறவில்லை. பைக்குள் கைவிட்டேன். அடியில் ஈரம். ஒரு வத்தலை எடுத்துக் காதோரம் ஆட்டினேன். குண்டு வத்தல் சரியாகக் காய்ந்திருந்தால் உள்ளே விதை கலகலவென்று கொலுசு மாதிரி சத்தம் போடும். ஒரு சத்தமும் இல்லை.

எனக்குப் பயம் சாம்பிளைப் பற்றி மட்டும் இல்லை. ஊரில் நின்று எதிர்த்துப் பேசியவன் நான். சாம்பிள் ஈரத்தால் தோற்றது என்றால் நாற்பது குடும்பமும் என்ன சொல்லும்? "கெழவன் வேணும்னே தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டான்" என்று சொல்லும். நான் நாகராசன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

"எறங்கு" என்றேன்.

இறங்கின இடம் உச்சிப்புளி. ராமநாதபுரத்திலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர். மணி பன்னிரண்டு இருபது. நாலு மணிக்கு ராமேஸ்வரத்தில் இருக்க வேண்டும். உச்சிப்புளியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். தலைக்கு மேலே கடற்படை விமானம் பறக்கும், ரோட்டோரம் நல்ல டீக்கடை ஒன்று உண்டு, வெயில் ஏராளம். அன்றைக்கு எங்களுக்கு வேண்டியது அந்த மூன்றாவதுதான்.

டீக்கடை நடத்துகிற பாண்டியம்மாவிடம் கேட்டு, கடை வாசலில் பெஞ்சைப் போட்டு, சேகு தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை விரித்து வத்தலைப் பரப்பினோம். தரையில் போட்டிருக்கலாம். "மண்ணு படக் கூடாது, சட்டம் இருக்கு" என்று என் வாயே சொன்னது. சேகு ஓரக்கண்ணால் பார்த்தான். கேலி செய்கிற நிலைமையில் அவன் இல்லை.

பாண்டியம்மா டீயை நீட்டிக்கொண்டே கேட்டது: "வத்தலுக்குக் காவலா, இல்ல நீங்களும் சேந்து காயுறீகளா?"

கதையைச் சொன்னோம். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த அருளானந்து என்கிற வண்டிக்காரர் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து மண்டபம் ஊரில் நண்டு ஏற்றி, நண்டுச் சதை எடுக்கிற கம்பெனிக்குக் கொண்டுபோகிறவர். "எங்க நண்டு அமெரிக்காவுக்குப் போகுது. அங்கன வரிய ஏத்துனாக, இங்கன எங்க கரையில அன்னைக்கே வெலைய எறக்கிட்டாக. வரி போட்டவன நண்டு பாத்திருக்குமா? நண்ட அவன் பாத்திருப்பானா?"

சேகுவுக்கு உயிர் வந்தது. "அதத்தான் நான் சொல்றேன்! ஒத்த ஆளு தலைவனா இருந்தா, அவன் காலைல எந்தப் பக்கம் எந்திரிச்சாங்கிறதப் பொறுத்து வரி. இருபத்தேழு பேரு சேந்த கூட்டுன்னா, அவுகளுக்குள்ள அடிச்சுக்கிட்டு முடிவெடுக்கவே ஆறு மாசம் ஆகும். அந்த ஆறு மாசத்துல நாம கூரைய மேஞ்சுக்கலாம்."

"நண்டு ஆறு மாசம் தாங்காது பாய்" என்றார் அருளானந்து.

பாண்டியம்மா வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "ஏன், நாம, இலங்கை, அங்கிட்டு மலேசியா எல்லாம் சேந்து நாமளே ஒரு கூட்டு வச்சா ஆகாதா? எந்நேரமும் வெள்ளக்காரன்தான் முன்னாடி போகணுமா?" என்றது.

"அக்கா, கடல்ல கோடு தெரியாம ரெண்டு பாகம் தள்ளிப் போனா படகையே புடிச்சு வச்சுக்கிறாக. இதுல கூட்டு வைக்கணுமாம். நீ கத்திரிக்காயில வையி" என்றார் அருளானந்து.

நான் அதுவரை வத்தலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேசாமல் இருக்க முடியவில்லை. "எங்க கண்மாயில தண்ணி தொறந்து விடுற ஆளுக்கு நீர்பாய்ச்சின்னு பேரு. எந்த மடைக்கு எவ்வளவுன்னு அவன் வச்சதுதான் சட்டம். பெரிய சம்சாரியும் அவன்ட்ட வாயத் தொறக்க மாட்டான். ஏன்னா அந்த ஆளுக்கு அந்தக் கண்மாய்ப் பாசனத்துல ஒரு குழி வயலு கிடையாது. வயலு உள்ளவன நீர்பாய்ச்சியாப் போட மாட்டோம். போட்டா மொதத் தண்ணி எங்க போகும்னு தெரியும்ல? இந்த இருபத்தேழு பேருக்கும் வயலு இருக்கு. அதுவும் மொதத் தண்ணி பாயுற தலமடையில இருக்கு. அவுக கையில மடையக் குடுக்கச் சொல்றீகளே?"

விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சேகு கேட்டான்: "சரி மாப்ள. உலகத்துல வயலு இல்லாதவன் எவன் இருக்கான், சொல்லு?"

என்னைப் பாண்டியம்மாதான் காப்பாற்றியது. "நான் இருக்கேன். இந்த பெஞ்சுகூட எனக்குச் சொந்தமில்ல. உலக வியாபாரத்துக்கு நானே தலைவியா இருந்துட்டுப் போறேன். மொதச் சட்டம், டீக்கு முன்காசு." அருளானந்து சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

நடுவில் சேகு பள்ளிவாசலுக்கு மத்தியானத் தொழுகை, லுஹர் தொழப் போனான். "வெயிலு கொஞ்ச நேரம் நின்னு எரியட்டும்னு துவா கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். பங்குனி வெயிலுக்கு துவா தேவையே இல்லை. அவன் திரும்பி வரும்போது வத்தலைக் காதோரம் ஆட்டினேன். கலகலத்தது. இன்னொன்று. அதுவும் கலகலத்தது. அருளானந்தும் ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஜெபமணி மாதிரி இருக்கே" என்றார். ரெண்டு பேருக்கும் டீ, வடை எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய். பெஞ்சு வாடகை வாங்க பாண்டியம்மா மறுத்துவிட்டது.

ரெண்டே காலுக்கு பஸ். உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரம் முப்பத்தேழு கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது எல்லோரும் இடது பக்கம் சாய்வார்கள், நீங்களும் சாயுங்கள். பக்கத்திலேயே புது ரயில் பாலம். கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே மேலே போகிறதாம். நாங்கள் போனபோது கப்பல் வரவில்லை. எங்களுக்கும் பார்க்கிற மனசு இல்லை.

ஏனென்றால் பாலத்தில்தான் சேகு சொன்னான்: "மாப்ள, காஞ்சிருச்சு. சொல்லாத. கையில எடுத்துப் பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது."

அது உண்மை. கைப்பார்வைக்குத் தேறும். ஆனால் ஈரம் ஏறிய வத்தலுக்குள் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஆய்வில் தெரிந்தால் கெட்டுப் போவது அந்த ரெண்டு கிலோ இல்லை. ஊர்க் களம் முழுக்கக் கிடக்கிற வத்தலின் பேர். சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் நாற்பது வீட்டு வத்தலை நான் பந்தயம் வைக்கிறேன். ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோவில் பக்கம் போக ஆட்டோ பிடித்து (நூறு ரூபாய் கேட்டார், எண்பதுக்கு வந்தார்), மேற்கு வாசலுக்குப் பக்கத்து லாட்ஜ் வரும்வரை இதே கணக்குத்தான் மனசில் ஓடியது.

கம்பெனி அம்மா பேர் பிரேமா. முப்பத்தைந்து வயசு இருக்கும். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத் தலையோடு லாட்ஜ் வாசலில் உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் தாயார். மரியாதையாக எழுந்து நின்று பையை வாங்கப் போனார்.

"இருங்கம்மா" என்றேன். "இது எங்க களத்துல காஞ்சப்ப நல்ல வத்தல். வர்ற வழியில தேவிபட்டினத்துல தண்ணி பட்டுருச்சு. உச்சிப்புளியில காயப்போட்டுக் கொண்டாந்திருக்கோம். பாத்தா தெரியாது. ஆனா பட்டது பட்டதுதான்."

சேகு ஒரு அடி முன்னால் வந்தான். "தண்ணி தெளிச்சது நாந்தாம்மா. இவரு இல்ல. இவரு குளிக்கப் போயிருந்தாரு."

அந்த அம்மா ரெண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏன் தெளிச்சீங்க?"

"அழகா இருக்கட்டும்னு" என்றான் சேகு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

தாயார்தான் முதலில் சிரித்தார். பிறகு மகளும். சிரித்து முடித்துவிட்டு, "இதை நான் எடுத்துக்க முடியாது அய்யா" என்று பையைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா இத்தனை வருஷத்துல, தண்ணி பட்டுச்சுன்னு வாயால சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. புதன்கிழமை உங்க ஊருக்கே வாரேன். களத்துலயே நானே அள்ளிக்கிறேன்."

அந்தத் தைரியத்தில் கேட்டேன், சட்டம் போடுகிற இடத்தில் எங்களை யாராவது கேட்டார்களா என்று. அவர் சொன்ன பதில் எனக்குப் புதுசு. புதுசாக ஒரு சட்டம் போடுவதற்கு முன்னால், இப்படிச் செய்யப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று மற்ற நாடுகளுக்கு எழுதி அனுப்புகிற வழக்கம் உண்டாம். அரசாங்கம் வழியாக நம் மாதிரிக் குழுவும் எழுதலாமாம். "இந்தப் பக்கத்துல இருந்து ஒரு குழுகூட எழுதி நான் பார்த்ததில்லை அய்யா. தெரியாது, யாரும் சொல்றதும் இல்லை" என்றார்.

நீர்பாய்ச்சி மடை திறக்கப் போகிறேன் என்று தமுக்கு அடித்திருக்கிறான். அந்தத் தமுக்குச் சத்தம் எங்கள் தெரு வரைக்கும் வரவே இல்லை. யார் தப்பு என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். கேட்காத காதும் தப்பு, தெருமுனையிலேயே திரும்பிப்போன தமுக்கும் தப்பு. சேகு அதற்குள் தூங்கிவிட்டான், என் தோளில் சாய்ந்து.

மறுநாள் கூட்டத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எதிர்பார்த்தபடி ஒருவன், "கெழவன் வேணும்னே..." என்று ஆரம்பித்தான். நாகராசன் கையமர்த்தினார்: "வேணும்னே செஞ்சவரு அத அங்கன போயி ஏன் சொல்லணும்? சொல்லாம விட்டிருந்தா தானா தோத்திருக்குமே." என் கருத்தைக் கேட்டார்கள். ஐரோப்பாக் கூட்டு முன்னத்தி ஏராகப் போகட்டும், சரி என்றேன். தண்ணீர் தெளிக்காதே என்பது நியாயமான சட்டம், நம் பிள்ளைகளும் அந்த வத்தலைத்தான் தின்கிறார்கள். ஆனால் ரெண்டு பேச்சு. ஒன்று, அவர்கள் அடுத்த தமுக்கு அடிக்கும்போது நம் குழுவும் எழுத வேண்டும். நான் சொல்கிறேன், நாகராசன் எழுதட்டும். இன்னொன்று, வத்தலில் முக்கால் பங்குதான் அவர்களுக்கு. கால் பங்கு கொழும்புக்கும் துபாய்க்கும் மண்டிக்கும் எப்போதும் போகட்டும். ஒரே கதவை நம்பி நின்றால் என்ன ஆகும் என்று காரக் குழம்பு தின்ற எனக்குத் தெரியும். ஒத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை அந்த அம்மா கார் பிடித்து வந்துவிட்டார். மத்தியானம் ஒரு மணி, வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாற்பது குடும்பமும் களத்தைச் சுற்றி நிற்கிறது. தார்ப்பாயில் வத்தல் செக்கச்செவேல் என்று கிடக்கிறது. கார் கதவைத் திறந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, அவர் களத்துக்குள் நடந்து வருகிறார். விருந்தாளி வந்தால் எங்கள் ஊரில் முதலில் செய்வது ஒன்றுதான். என் பெண்டாட்டி வழக்கப்படி ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு, தளும்பத் தளும்ப, தார்ப்பாய் ஓரமாக வேகமாக வந்தாள்.

"ஏத்தா! தண்ணி வேண்டாம்! தண்ணியக் கொண்டு போ!"

ஊரே கத்தியது. நானும் கத்தினேன். யார் குரல் பெரிசு என்று சொல்ல முடியாது. என் பெண்டாட்டி நின்ற இடத்தில் உறைந்துவிட்டாள். வெயிலில் காய்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, தண்ணீருக்குக் கை நீட்டியபடி அந்த அம்மாவும் நின்றார். வந்தவருக்குத் தண்ணீர் கூடாது என்று ஒரு ஊரே சேர்ந்து கத்தியது எங்கள் சீமையில் இதுவரை நடந்திருக்காது.

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு களத்தை விட்டு இறங்கி, இருபது அடி தள்ளி வேப்பமரத்தடிக்குப் போய், அந்தச் சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து சாம்பிளை அள்ளினார். அந்தச் சாம்பிள் ஆய்வில் தேறிவிட்டது. போனில் சேகுவிடம் சொன்னேன். "நான் தெளிச்ச ராசி" என்கிறான்.

இந்தப் பயணம் போக நினைக்கிறவர்களுக்கு: கமுதியிலிருந்து ஒருநாளில் போய்த் திரும்பலாம். ஆளுக்கு பஸ் செலவு போக வர முந்நூறு ரூபாய்க்குள் முடியும். தேவிபட்டினத்துக்குச் சனிக்கிழமை வேண்டாம். உச்சிப்புளியில் இறங்கி ஒரு டீ குடியுங்கள். உலக வியாபாரத்துக்கு யார் தலைவர் என்று பாண்டியம்மாவிடம் கேட்டால் விலாசம் சொல்லும். பங்குனி, சித்திரையில் போவதானால் கையில் கட்டாயம் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பையில் மிளகாயும் இருந்தால் பாட்டில் மூடியை ஒருதரத்துக்கு ரெண்டு தரம் இறுக்குங்கள். சிநேகிதர் வீட்டில் இறங்கிக் குளிக்கப் போனால் பையையும் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.